கூட இருக்கிறது யாரு?

"இன்னிக்கு ராத்திரி எங்கூட ஒருத்தன் இருப்பான், நெல்லோ. அவன் யாருன்னு புதன்கிழமை ரோமே கேக்கணும்."

தொலைபேசியின் மறுமுனையில் கொட்டாவி கேட்டது. பத்திரிகைகளுக்குப் பிரபலங்களைப் படம் எடுத்து விற்கிற நெல்லோ பாதித் தூக்கத்தில் இருந்தான்.

"மிரெல்லாம்மா, போன மாசம் நீங்க நாய்க்குட்டியோட நடந்த படத்தை எவனும் வாங்கல. நாய் அழகா இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. மணி ரெண்டாகப் போகுது, தூங்குங்க."

"சனிக்கிழமை நிகழ்ச்சியை மறுபடி ஆரம்பிக்கறாங்கடா. இந்த வாரம் என் முகம் பத்திரிகையில வந்தாகணும். இல்லேன்னா என்னைக் கூப்பிட மாட்டாங்க. ராத்திரியில கொர்னெத்தோ, அதான் அந்த க்ரீம் ரொட்டி, சுடற கடைக்கு இப்பவே வா. தற்செயலாப் பார்த்த மாதிரி எடு."

போனை வைத்துவிட்டு மிரெல்லா உதட்டுச்சாயத்தைச் சரிபார்த்தாள். பத்தொன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் நாட்டையே தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்தவள். அவளை நீக்கிய அன்றே வீட்டுத் தொலைக்காட்சியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். செய்தித்தாளும் கிடையாது. தன்னைப் போடாத காகிதத்தை எதற்குப் படிக்க வேண்டும்?

ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான். காதலன் கிடைக்கவில்லை.

கடையில் இருந்தது ஒரே ஆள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கொர்னெத்தோ தின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். தோள் அகலமாக இருந்தது. படத்துக்கு அது போதும்.

"தம்பி, பத்து நிமிஷம் எனக்குக் காதலனா இருக்கியா?"

அவனுக்குப் புரையேறியது. "நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாது. அதான் வேணும்."

அவன் நாற்காலியை அவசரமாக இழுத்துப் போட்டான். "உக்காருங்க. எம் பேரு துல்லியோ. எங்கூட யாராவது உக்காந்து சாப்பிட்டு ஒரு மாசமாச்சு."

"ஏன், என்ன வேலை பார்க்கற?"

"வேலையெல்லாம் நல்ல வேலைதான். ஒரு ஞாயித்துக்கிழமை, நேராப் போக வேண்டியது கொஞ்சம் வலது பக்கம் போயிடுச்சு. அதுலேர்ந்து பகல்ல தலைகாட்ட முடியல. வழியில நிறுத்தி நிறுத்தித் திட்டறாங்க."

பஸ் ஓட்டுகிறவன் போலிருக்கிறது என்று மிரெல்லா நினைத்துக்கொண்டாள். ரோமில் பஸ் ஓட்டுகிறவனைத் திட்டாதவர் யார்? பாவமாக இருந்தது. தனியாகச் சாப்பிடுகிற கஷ்டம் அவளுக்கும் தெரியும். அவள் வீட்டில் எதிர் நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

"படம் எடுக்க ஒருத்தன் வருவான். பயப்படாத, உன் முகம் வெளிய தெரியாது. சும்மா கூட இருக்கற, யாருக்கும் தெரியாத ஆளுங்க முகத்தை இங்க கட்டம் கட்டமா மறைச்சிடுவாங்க. சட்டம் அப்படி. என் முகம் மட்டும்தான் பளிச்சுனு இருக்கும்."

"மறைச்சிட்டாங்கன்னா புண்ணியமாப் போகும்," என்றான் அவன்.

நெல்லோ ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சலித்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றி, கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தான். தூக்கம் பறந்துவிட்டது. முழங்காலில் நின்று எடுத்தான். பூந்தொட்டி மேல் ஏறி எடுத்தான். "தம்பி, அந்தத் தொப்பி நிழலடிக்குது, கழட்டிடுங்க. மிரெல்லாம்மா, இன்னும் கொஞ்சம் நெருங்கி."

"உங்க கன்னத்துல க்ரீம் ஒட்டியிருக்கு," என்று துல்லியோ கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தான்.

மிரெல்லா முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை. அந்தக் கன்னத்தை ஒருவர் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? நடிப்பு என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

"அப்படியே இருங்க. இது அட்டைப்படம், என் கேமரா மேல சத்தியமா."

"நாய்க்குட்டி அழகுன்னியே. பழைய மிரெல்லா வந்துட்டாளா இல்லையா?"

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க," என்றான் நெல்லோ, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடி போடாமலேயே பத்திரிகைக் கடைக்குப் போனாள். நாலு பேர் அடையாளம் கண்டுகொள்ளட்டுமே.

"கடைசிப் பிரதிம்மா," என்று கடைக்காரர் எடுத்து நீட்டினார். "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. கூட இருக்கறது யாருன்னு."

மிரெல்லா பெருமை பொங்கச் சிரித்தாள். "அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் அவள் முகத்துக்கு நேராகவே பார்த்துக் கேட்டார். மிரெல்லா குழப்பத்தோடு அட்டையைத் திருப்பினாள்.

'கால்பந்து இறுதிப் போட்டியில் பெனால்டியைக் கோட்டைவிட்ட துல்லியோவுக்கு நள்ளிரவில் ஆறுதல்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே, தொப்பி இல்லாத துல்லியோவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவன் கட்டைவிரல் துடைத்துக்கொண்டிருந்த முகத்தைத்தான், சட்டப்படி, கட்டம் கட்டமாக மறைத்திருந்தார்கள்.