மறுமுனை

அக்கா பதினேழு வருஷம் ஒரு டிவி தொடரில் அம்மாவாக நடித்தாள். மகனாக நடித்தவனுக்கும் தலை நரைத்தது. அவனுக்குச் சாயம் பூசினார்கள். இவளிடம், "முகத்துல வயசு தெரியுதும்மா" என்றார்கள். கதையில் அவளை மூத்த மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று மாலை இருவரும் டிவி முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். திரையில் மகன் அம்மாவுக்குப் போன் போட்டான். இந்த மாதிரிக் காட்சியில் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். பதிலுக்கு இடம் விட்டுவிட்டுப் பேசுவார்கள்.

"சாப்டீங்களாம்மா?"

"இன்னும் இல்லப்பா," என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

"என்ன பண்றீங்க?"

"வெங்காயம் உரிக்கிறேன்."

"அதான் மூக்க உறிஞ்சுறீங்களா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அந்தக் காட்சியை எடுத்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

"நான் எப்பப்பா திரும்பி வரட்டும்?"

அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றினான். இசையும் வரவில்லை, விளம்பரமும் வரவில்லை.

"உங்க ரூம் செட்டையே பிரிச்சுட்டாங்கம்மா."

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "சரிப்பா. நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அவன் தலையாட்டினான். ஏழு மணிச் செய்தி தொடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.