குளித்துவிட்டு வந்த விமானம்

போட்டி மண்டபத்தில் கண்ணாடிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார்.

மறுபடி திறந்தார்.

விமானம் பளபளவென்று இருந்தது. அடப்பாவமே, பளபளவென்று இருந்தது!

ஒரு சாண் நீள மாடல் விமானம்தான். ஆனால் அதன் மேல் அழுக்கு ஏற்றுவதற்கு மட்டும் மனுஷர் மாதக்கணக்கில் மாய்ந்திருந்தார். எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கரி. இறக்கையில் எண்ணெய் வழிந்த தடம். தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் மயிரிழைக் கருப்பு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த அழுக்கு. மேலே வார்னிஷ் அடித்தால் மினுக்கிவிடும் என்று அடிக்காமல் விட்டிருந்தார்.

புது விமானத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். பறந்து களைத்த விமானத்தைச் செய்வதில்தான் வித்தையே இருக்கிறது. இந்தப் போட்டியில் நடுவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

அந்த அழுக்கெல்லாம் இப்போது எங்கே?

எங்கே என்று கேட்பானேன். வீட்டில் இப்படித் துடைக்கத் தெரிந்த ஆள் ஒருத்திதான்.

அவர் மனைவிக்கு விமான நிலையத்தில் வேலை. வந்து நிற்கும் விமானங்களைக் கழுவும் குழுவுக்குத் தலைவி. அசல் விமானத்தில் எங்கே கரி படியும், எந்த மூலையில் எண்ணெய் தேங்கும் என்று அவளை நச்சரித்து நச்சரித்துத்தான் இவர் மாடலுக்கு அழுக்கு பூசுவார். அவளும் சொல்வாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

"நாளெல்லாம் நான் தேய்ச்சு எடுக்குற அழுக்க, நீங்க வீட்டுல உக்காந்து பூசுறீங்க. நல்ல ஜோடிங்க நாம!"

சிரித்தால் சிரிக்கட்டும். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அவள் இவற்றை ஒரு நாளும் விமானம் என்று சொன்னதில்லை. பொம்மை. 'பொம்மைய ஓரமா வைங்க.' 'இன்னைக்குச் சாப்பாடு உங்களுக்கா, பொம்மைக்கா?' அசல் விமானத்தைத் தொட்டுப் பழகிய அந்த வாயிலிருந்து, அசல் மாதிரியே இருக்குங்க என்று ஒரு தடவை வந்துவிடாதா என்பதுதான் அவருடைய ஏக்கமெல்லாம். கோப்பை கிடைத்தாலாவது சொல்வாளோ என்றுதான் போட்டிக்கே பேர் கொடுத்தார்.

இப்போது அவளே குடியைக் கெடுத்துவிட்டாள்.

காலையில்தான் வேலை முடிந்து வந்தாள். இவர் குளித்துக்கொண்டிருந்தபோது 'பத்திரமா போயிட்டு வா' என்று அவள் கூடத்தில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. போனில் தங்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி கட்டித் தயாராக இருந்தது, அவள் பாயில் சுருண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் கை பழக்கதோஷத்தில் துடைத்துத் தள்ளியிருக்கிறது. கையா அது!

நடுவர் வந்துவிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் வேறு வழியில்லாமல் விமானத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

நடுவர் குனிந்தார். இறக்கையைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், நிமிரவே இல்லை. பிறகு மற்ற நடுவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்களேன். கழுவின விமானம்! துணி போகாத இடுக்குல மட்டும் கருப்பு நிக்குது. துடைச்ச தடம்கூட மூக்குலேர்ந்து வாலப் பாத்துத்தான் ஓடுது. அழுக்கு விமானம் ஆயிரம் பாத்தாச்சு, குளிச்சிட்டு வந்தத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கண்ணாடிக் கடைக்காரர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அட, ஆமாம்! ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் அழுக்கு அளவாக, அழகாக ஒதுங்கி நின்றது. மாதக்கணக்கில் மாய்ந்தும் அவருக்கு வராத அழகு.

முதல் பரிசு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் போர் விமானத்தோடு நின்றவர் முகம் தொங்கிப்போனது.

நடுவர் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினார். முகம் சுளித்தார்.

மூக்குக்குக் கீழே கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"என்ன சார் இது? அசல்ல இது ஒரு கார் அளவுக்கு இருக்குமே! இந்தாங்க, ஈரத்துணி. துடைச்சிட்டு வைங்க, அப்புறம் மார்க் போடுறேன்."

கண்ணாடிக் கடைக்காரர் துணியை வாங்கினார். ரேகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியை மடித்து நடுவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும் சார்."

"முதல் பரிசு போயிடும்ங்க!"

"போகட்டும் சார்."

போயேவிட்டது. இரண்டாம் பரிசுதான். முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போன போர் விமானக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். இவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

சந்தோஷத்தில் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. விமான நிலையத்து வேலிக்கு இந்தப் பக்கம், மனைவியின் வேலை முடியக் காத்து நின்ற நாட்களில் அவர் பார்த்திருக்கிறார். கழுவி முடித்த விமானத்தை அவள் சும்மா அனுப்ப மாட்டாள். ஆட்களெல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக அதன் மூக்குக்குக் கீழே போய் நிற்பாள். கையை உயர்த்தி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். ஏதோ சொல்வாள்.

இந்தச் சின்ன மூக்குக்குக் கட்டைவிரலே போதுமாயிருந்திருக்கிறது.

காலையில் அவள் போனில் தங்கையோடு பேசவே இல்லை.