ஒன்பது பாக்கெட் கொத்தவரங்காய்

ஹெலன் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல்காரி. அவள் கணவன் இன்பராஜ் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். போன மாதம் அவன் கிளம்பும்போது, கொத்தவரங்காயை டிரையரில் காயவைத்து, வேக்கம் மிஷினில் காற்றை எடுத்து, ஒன்பது பாக்கெட் போட்டாள். அவற்றை அவன் பெட்டியில் வைத்ததும் அவள்தான்.

பத்து நாள் கழித்து, சர்ச்சிலிருந்து வந்து சமையலறை அலமாரியைத் திறந்தாள். ஒன்பது பாக்கெட்டும் அங்கே இருந்தன. மேலே அவள் கையெழுத்தில், பாக்கெட் போட்ட அன்றைய தேதி.

வீடியோ காலில் கேட்டாள். "ஏங்க, காய மறந்துட்டுப் போய்ட்டீங்களா?"

"இன்னா பேசுற? இதோ பாரு." ஒன்பதையும் கட்டிலில் பரப்பிக் காட்டினான். சிரித்துக்கொண்டே ஒன்றின் மூலையைக் கத்தரியால் வெட்டினான்.

அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரிக்குள் புஸ்ஸென்று காற்று புகுந்தது. அங்கேயும் ஒரு பாக்கெட்டின் மூலை வெட்டுப்பட்டிருந்தது.

பயத்தில் அவனிடம் எதுவும் சொல்லாமல் அலமாரியைப் பூட்டினாள். அதன்பின் உள்ளிருந்து சத்தம் வரும் நாளெல்லாம், அவர் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நாலு முறை கேட்டது.

வியாழக்கிழமை அவனுக்கு ஃபோன் போகவில்லை. வெள்ளியும் போகவில்லை.

"நடுக்கடல்ல சிக்னல் இருக்காதும்மா, பயப்படாதீங்க," என்றார் அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்.

சனிக்கிழமை மத்தியானம் பூட்டைத் திறந்தாள். மீதி நாலு பாக்கெட்டும் உப்பியிருந்தன. சீல் பிரியவில்லை. உள்ளே விளிம்புவரை தண்ணீர்.

ஒன்றை வெட்டி, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். காய்க்கு அவள் உப்பே போட்டிருக்கவில்லை.

தண்ணீர் கரித்தது.