சிவப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம்

தோப்போரத்தில் அடித்திருக்கும் சிவப்புக் குச்சியையே மயிலாத்தாள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எல்லை போடுவதென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கை வைத்துத்தான் கல் நடுவார்கள். இதைப் பக்கத்து நிலத்தை எடுத்த கம்பெனிக்காரர்கள் ஆளில்லாத நேரம் பார்த்து அடித்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் குச்சியின் நிழலை அவளுடைய தென்னைகளுக்குள் நீட்டுகிறது. கம்பெனி வக்கீல் சந்துரு தேனொழுகப் பேசுகிறான். அவன் வந்த கார் ரோட்டைப் பார்த்துத் திரும்பி, இஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.

“அந்தப் பக்கம் சர்வதேச நிதி மையம் வருதுங்க்கா. வெளிநாட்டு பேங்கெல்லாம் வரும். அதுக்குன்னே தனிச் சட்டம் போடறாங்க. உங்க தோப்பையும் குத்தகைக்குக் குடுத்துருங்க.”

“நாளைக்கு ஒரு வழக்குன்னா நம்ம சித்தூர் கோர்ட்டுக்குத்தானுங்களே போகோணும்?”

“அதெல்லாம் உள்ள செல்லாதுங்க்கா. தனிக் கோர்ட்டு, வெளிநாட்டு ஜட்ஜு. அப்பத்தான பணம் போடறவங்களுக்கு நம்பிக்கை வரும்?”

“எனக்குங்க?”

காய்ந்த மட்டையொன்று சரசரத்து விழுகிறது. சந்துருவின் போன் அடிக்கிறது. பேசிக்கொண்டே குச்சியைத் தாண்டிப் போய், பேச்சு முடிந்தும் அங்கேயே நின்று செம்மண்ணைச் செருப்பால் சீய்க்கிறான்.

“ஏனுங்க தம்பி, இப்ப அங்க வெச்சு உங்களை யாராச்சும் நாலு சாத்து சாத்துனா, எந்தக் கோர்ட்டுல போய்க் கேப்பீங்க?”

அவன் சத்தமாகச் சிரிக்கிறான். பதில் வருவதற்கு முன்னால் அவன் கால் குச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது.