இருட்டில் ஒரு கரிய குயில்

கரிய இருட்டில் கரிய குயிலை வரைய வேண்டும். எந்த வண்ணத்தைத் தொடுவீர்கள், சொல்லுங்கள்?

குயிலின் முதல் கச்சேரிக்கு மயில் சுவரொட்டி வரைந்தது. பழைய ஐரோப்பிய பரோக் பாணி: சுற்றிலும் இருட்டு, ஓரமெல்லாம் தங்கச் சுருள்கள், மூலையிலிருந்து ஒற்றை ஒளிக்கீற்று.

"அழகுதான் அண்ணே. ஆனால் நான் எங்கே?" என்றது குயில். "என்னைப் பார்க்காமல் யார் வருவார்கள்?"

தங்கத்தில் மயங்கி ஆளைத் தொலைத்துவிட்டோமே என்று மயிலுக்குச் சுருக்கென்றது.

"வெள்ளை பூசட்டுமா, தம்பி?"

"பூசு! கொக்குக் கச்சேரி என்று கூட்டம் வரும்."

மயில் யோசித்தது. "எங்கே, கொஞ்சம் பாடு."

குயில் அலகைத் திறந்தது. உள்ளே செக்கச்சிவந்த தொண்டை! மயில் வேறு தாளில் மறுபடி வரைந்து, ஒளிக்கீற்றை அந்தத் தொண்டைமேல் விழவைத்தது.

இரண்டு சுவரொட்டிகளையும் அணில்குட்டியிடம் காட்டி, "எந்தக் கச்சேரிக்கு வருவாய்?" என்று கேட்டது.

அணில்குட்டி சிவந்த தொண்டையைத் தொட்டுக் காட்டியது.