எட்டு எம்எம் கம்பியின் பெருமை

சவரியப்பன் தேக்குக் கட்டையைச் செதுக்கி, சைக்கிள் டியூபை வாராக வெட்டிக் கட்டி, சொந்தமாக ஒரு மீன் துப்பாக்கி செய்தான். அதில் வைத்து எய்வதற்கு எது சரிப்படும் என்று தெரியாமல் இரண்டு கம்பி வாங்கி வந்து முனை தீட்டினான். ஒன்று எட்டு எம்எம் தடிமன், இன்னொன்று ஆறு.

எட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "நீயெல்லாம் துடைப்பக்குச்சி தம்பி. என்னைப் பார்த்தாலே மீனுக்குப் பாதி உயிர் போயிடும்" என்றது. டியூப் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, தள்ளப்போறது நான். உங்க கனத்துக்கு என்கிட்ட தெம்பு இல்லையே."

"நீ சும்மா தள்ளு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கையில் கனமாக நின்றதில் சவரியப்பனும் மயங்கி, எட்டைத்தான் முதலில் கடலுக்குள் கொண்டுபோனான். பத்தடி தள்ளி ஒரு கலவா மீன் நின்றது. டியூப் தம் பிடித்து உந்தியது. எட்டு கம்பீரமாகக் கிளம்பி, நாலடி போய், மணலில் குப்புற விழுந்தது. கலவா திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக நகர்ந்தது.

"பயந்து ஓடுறான் பாரு!" என்றது எட்டு.

மறுநாள் ஆறு போனது. விருட்டென்று பாய்ந்து அதே கலவாவைக் குத்தி எடுத்து வந்தது.

சாயங்காலம் கரையில் தீ மூட்டி, சவரியப்பன் மீனை எட்டில் கோத்து வாட்டினான். பழுக்கக் காய்ந்த எட்டு, துப்பாக்கியில் ஓய்வாகக் கிடந்த ஆறைப் பார்த்துச் சொன்னது:

"பார்த்தியா தம்பி? எங்கே சுத்தினாலும் கடைசியில என்கிட்டதான் வந்து மாட்டினான்."