பத்து நிமிஷப் பளபளப்பு

"கையைக் காட்டு சசி! எல்லாரும் பார்க்கட்டும்!"

ரிசார்ட் மேனேஜர் மேக்ஸ்வெல் போட்ட கூச்சலில், அறைச் சாவிக்குக் காத்திருந்த சென்னைத் தம்பதி திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாத்ரூம் கழுவும் சசிகலா வலது கையை நீட்டினாள். விரலெல்லாம் வெந்து, தோல் உரிந்து போயிருந்தது.

ரிசார்ட்டுக்குப் பாத்ரூம் கழுவும் லிக்விட் கொடுக்கும் மரியசெல்வி, அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பூந்திக்கொட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, கிளியூரில் அவளே காய்ச்சி வடிக்கும் லிக்விட். அதை நம்பித்தான் வரவேற்பறையில் 'ஆசிட் இல்லாத ரிசார்ட்' என்று போர்டே மாட்டியிருந்தார்கள்.

மேக்ஸ்வெல் தன் அலமாரிப் பூட்டைத் திறந்து, பாதி தீர்ந்த பாட்டிலை எடுத்து மேஜையில் ணங்கென்று வைத்தார்.

"இது பண்ணுன வேலைங்க! ஏற்காட்டுல இருக்கிற அத்தனை லாட்ஜுக்கும் போன் போடறேன். இனிமே ஒரு பாட்டில் வித்துருவீங்களா நீங்க?"

"என்ற ஊட்டுப் புள்ளைங்க குளிக்கிற தொட்டியையே அதுலதானுங்க கழுவறேன்!" சீறினாள் மரியசெல்வி.

"அப்ப இவ கை தானா வெந்துச்சாக்கும்?"

மரியசெல்வி சசிகலாவின் பக்கம் திரும்பினாள். "ஏங்கண்ணு, நொம்ப நேரம் தேச்சியா?"

"எங்கக்கா தேச்சேன்? முந்திதான் தேச்சுத் தேச்சுத் தோள்பட்டையே கழண்டுச்சு. இப்ப ஊத்துனாலே போதும். போர்த்தண்ணிச் செங்கறை இருந்த எடமே தெரியறதில்ல."

"சுத்தத்துல நான் ஒரு குறையும் சொல்லலைங்க," மேக்ஸ்வெல் தம்பதியைப் பார்த்துக்கொண்டே குறுக்கிட்டார். "பத்தே நிமிஷத்துல பளிங்காட்டம் ஆயிருது. ஆனா கை போச்சே! உங்க சரக்கு மோசம்னு இவங்க முன்னாடியே ஒத்துக்கங்க. இல்லாட்டி போலீசுக்குப் போவேன்!"

மரியசெல்வி பாட்டிலைக் கையில் எடுத்தாள். அவள் ஒட்டிய லேபிள்தான். அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"ஒத்துக்கறேனுங்க. என் சரக்கு மோசம்தான். ராத்திரி பூரா ஊற வெச்சாலும் அந்தச் செங்கறை பாதிகூடப் போகாதுங்க."

மேக்ஸ்வெலின் கை அவசரமாகப் பாட்டிலை நோக்கி நீண்டது. அவள் அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பத்தே நிமிஷத்துல போக்குற ஆசிட்டை என் பாட்டில்ல ஊத்தி வெச்சது யாருங்க சார்?"